முக்கொம்பு வெயிலில் ஒரு கம்பளிக் குல்லா

சென்னையில் ஒரு சினிமா கம்பெனியில் வேலை பார்க்கும் திவ்யா அனுப்பிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நான் உதவி இயக்குனராக வேலை பார்த்த கடைசிப் படத்தின் பாட்டு அது. திருச்சிப் பக்கத்து முக்கொம்பு அணையில் கண் கூசும் வெயில். கதாநாயகி பாலத்தின் மேல் நடந்து வருகிறாள். அவள் நெற்றியில் வியர்வை தெரிகிறது. தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையின் தலையில் மட்டும் சிவப்பு நிறத்தில் ஒரு கம்பளிக் குல்லா, தாடைக்குக் கீழே முடிச்சோடு. யாரோ அந்தக் குல்லாவைச் சுற்றி வட்டம் போட்டு, ‘திருச்சி எப்போ ஊட்டி ஆச்சு?’ என்று எழுதி, சிரிப்புச் சத்தமும் சேர்த்து விட்டிருக்கிறார்கள்.

கூடவே திவ்யாவின் குரல். “அக்கா, கோச்சுக்காதீங்க. இங்க ஆபீஸ்ல எல்லாரும் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்க. அந்தப் படத்துக்குக் கன்டினியூட்டி நீங்கதானே? அது எப்படிக்கா மிஸ் ஆச்சு? எங்க படத்துலயும் ஒரு குழந்தை இருக்கு. எதெல்லாம் பாத்துக்கணும்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்களேன்.”

ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கன்டினியூட்டி. மிஸ் ஆகவில்லை. அந்தக் குல்லாவைத் துறையூர் கடைத்தெருவில் தேடிப்பிடித்து வாங்கியவளே நான்தான். “இந்த வெயில்ல கம்பளியா? குழந்தைக்கு என்னங்க உடம்புக்கு?” என்று கடைக்காரர் கேட்டபோது, நின்று விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல், “சினிமாவுக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது உலகத்துக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரி எழுதப்போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். முப்பத்து மூன்று வயதில் என்ன ஓய்வு என்று அவருக்கு. ஒன்றேகால் வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறவளை எந்தக் கம்பெனியும் இனிக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டாலும் போவேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் போகலாம் என்று தோன்றும். மறுநாள் அவளுக்கு மூக்கு ஒழுகும். அதனால் ஓய்வு என்றே வைத்துக்கொள்கிறேன். இதை எழுதும்போதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினால் அழுவாள், விட்டால் எனக்குப் பயம்.

பழகிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே திருச்சியில் விஸ்காம் படித்தேன். வீட்டில் சண்டை போட்டுச் சென்னை போனேன். முதல் படத்தில் கிளாப் அடித்தேன், இரண்டாவதில் உடைகளைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவதில் ஒரு குழந்தை வந்தது. யூனிட்டில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பெண் என்பதால் குழந்தை என் இலாகா ஆகிவிட்டது. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. குழந்தையை எந்தப் பக்கம் தூக்குவது என்றே தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை.

திவ்யா, குழந்தையை வைத்துப் படம் எடுப்பது இப்படித்தான். சினிமாவில் எதையும் வரிசையாக எடுப்பதில்லை. கதையின் கடைசியை முதல் நாள் எடுப்பார்கள், முதல் காட்சியைக் கடைசி மாதம் எடுப்பார்கள். பெரியவர்கள் தாங்குவார்கள். குழந்தை வளர்ந்துவிடும். நடுவில் பல் முளைக்கும், குப்புற விழுந்தது நிற்கத் தொடங்கும். ஆகவே குழந்தை வரும் காட்சிகளை நெருக்கி நெருக்கி வைக்கச் சொல்லிச் சண்டை போட வேண்டும். தூங்கி எழுந்து, பால் குடித்து, ஏப்பம் விட்ட பிறகு கிடைக்கும் நேரம்தான் உன்னுடையது. ஒரே சட்டை மூன்று வாங்கு. ஒன்றில் வாந்தி எடுக்கும், ஒன்று காய வேண்டும். யார் மடியில் உட்கார வேண்டுமோ அவரை முன்கூட்டியே குழந்தையிடம் பழக விடு. அரைஞாண் கயிற்றின் நிறம், கையில் எத்தனை வளையல், உச்சியில் குடுமி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு போனில் படம் எடு. முக்கியமாகக் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு. அம்மாக்கள் கண்ணாடி பார்க்காமல் பழக்கத்தில் வைத்துவிடுவார்கள். காலையில் இடது, மாலையில் வலது. வெட்டி ஒட்டும்போது பொட்டு கன்னம் தாண்டிக் குதிக்கும். நான் முதல் நாளே சொல்லிவிடுவேன், இடது கன்னம், படம் முடியும்வரை இடது கன்னம்.

குல்லா வந்த அந்தக் கடைசிப் படம் காதலும் குடும்பமும்தான். ஸ்ரீரங்கத்துப் பெண், வெளியூர்ப் பையன். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இரு பக்கமும் பேச்சு அறுந்துவிடுகிறது. குழந்தை பிறக்கிறது. கடைசிக் காட்சியில் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி காலியாக இருக்கிறது. எல்லோரும் நம்பிக்கை விட்ட நேரத்தில் பெண்ணின் அண்ணன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, “குழந்தையைக் குடு” என்று கை நீட்டுகிறான். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதற்கும் இப்போது வருத்தப்படுகிறேன்.

திருச்சியைச் சுற்றியே குழந்தை தேடினோம். திருவானைக்கோவிலில் வாடகைக்கு இருந்த சத்யாவின் பத்து மாதப் பையனைப் பார்த்ததும் இயக்குனர், “இந்தக் கண்ணு போதும்மா” என்றார். பெயர் கவின். தலை நிறைய முடி. சத்யா ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்து, பிரசவத்துக்காக நின்றவள். அவள் கணவன் பிரபு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஊர் துறையூரைத் தாண்டிப் பச்சைமலை அடிவாரம். அவர்களுடையதும் காதல் கல்யாணம்தான். சாதி வேறு. இவள் பக்கத்தில் அம்மா மட்டும் எப்போதாவது போனில் பேசுவார். அவன் பக்கத்தில் அதுவும் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம், அவர் கல்யாணத்தன்றே பேச்சை நிறுத்தியிருந்தார்.

சத்யா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “மேடம், காதுகுத்து சீன்னு சொல்றீங்க. நிஜமா குத்த மாட்டீங்கல்ல? முடி எடுக்க மாட்டீங்கல்ல?”

“ஒட்டுற தோடுதான். முடில கை வைக்க மாட்டோம்” என்று சொன்னேன். அன்றைக்கு ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது.

இயக்குனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போடவே மாட்டார். சத்தம் போடுகிறவரை எதிர்த்துப் பேசலாம், இவரை ஒன்றும் செய்ய முடியாது. பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை மூடியில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தபடி, நடக்க முடியாத ஒன்றைச் சொல்வார். “எப்படி சார்?” என்றால், “அது நீங்க பாத்துக்கங்கம்மா” என்பார். காதுகுத்துக் காட்சிக்கு முந்தின நாள் காலை காவிரிக் கரையில் அம்மா மண்டபப் படித்துறையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசித் தூக்கிக்கொண்டு போனது. வெயில் பட்டுச் சந்தனம் மினுங்கியது. இயக்குனர் மூடியைக் கீழே வைத்தார்.

“காதுகுத்துக்கு முன்னாடி மொட்டைம்மா. மாமன் மடியில வச்சு மொட்டை. அந்தச் சந்தனத் தலைல படம் முடியுது.”

“சார், ஆனியில முக்கொம்புல பாட்டு பாக்கி இருக்கு. கதையில அது காதுகுத்துக்கு முன்னாடி, குழந்தைக்கு முடி வேணும்.”

“அதுக்குள்ள முளைச்சிடாதா?”

“ஒரு மாசத்துல குடுமி முளைக்காது சார்.”

“நீங்க பேசுங்கம்மா. பொம்பளைங்க பேசினா கேப்பாங்க.”

எதைக் கேட்டால் எதற்குப் பதில்! மேக்கப்காரரிடம் போனேன். பெரியவர்களுக்கு மொட்டை போல ரப்பர் தொப்பி ஒட்டுவார்களே, அது முடியுமா என்று கேட்டேன். “குழந்தை மண்டைல பசை தடவச் சொல்றீங்களா? எனக்கும் பேரன் இருக்கான். வேற ஆளைப் பாருங்க” என்று பெட்டியை மூடிவிட்டார். அவரை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் கோபம் வந்தது.

பிரபுவுக்குக் கேட்டதும் ஒரே சந்தோஷம். “முடிதானங்க, வளரும். கடைசி ஷாட்டே எம் பையனா?” என்றான். அவன் டீ குடிக்கப் போனதும் சத்யா குழந்தையை இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

“முதல் முடி அவங்க குலசாமிக்கு மேடம். அந்த ஊருலதான் எறக்கணும். இவருக்கு வெளையாட்டா இருக்கு. நான் அந்த வீட்டுக்கு நகை நட்டு எதுவும் கொண்டு போகலை. என்னைக்காவது கூப்பிடுவாங்க, அன்னைக்கு இந்தத் தலையோட போய் நிக்கணும்னு வச்சிருக்கேன். இத இங்க எறக்கிட்டா நாளைக்கு எதை வச்சுக்கிட்டு அந்த வாசப்படி ஏறுவேன்?”

எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் அவள் சாமியைப் பற்றிப் பேசவில்லை என்பது புரிந்தது. அப்படியே போய் இயக்குனரிடம் சொன்னேன். அவர் வெந்நீர் குடித்தார். “பாவம்மா. அப்ப ஒண்ணு செய்யலாம். கத்தி தலைக்கிட்ட வர்ற வரைக்கும் எடுத்துட்டு, அங்கயே கட் பண்ணிடலாம். பிளேடு வேண்டாம்.”

மறுநாள் கொள்ளிடக் கரையில் ஒரு சின்னக் கோயில் மண்டபத்தில் எடுத்தோம். முடி வெட்டுபவராக நடித்தவர் நிஜமாகவே சலூன் வைத்திருப்பவர். சத்யா அவரிடம் நேராகப் போய், “அண்ணே, பிளேடை என்கிட்ட குடுத்துடுங்க” என்றாள். அவர் சிரித்துக்கொண்டே கத்தியைத் திறந்து அரை பிளேடைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காட்சி முடியும்வரை அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கேமரா பக்கத்திலேயே நின்றாள். மாமனாக நடித்தவர் மடியில் கவின் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். தலை நனைந்தது, கத்தி இறங்கியது, கட். யூனிட்டே கைதட்டியது. ஒரு முடிகூட விழவில்லை. நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அது எவ்வளவு முட்டாள்தனம் என்று இரண்டு நாளில் தெரிந்தது.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாரோ போனில் எடுத்து, நனைந்த தலைக்கு மேல் கத்தி இருக்கிற இடத்தோடு நிறுத்தி, ‘நம்ம திருச்சியில் ஷூட்டிங்’ என்று போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றிப் பச்சைமலை அடிவாரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பிரபுவின் போனில் அண்ணன் பெயர் வந்தது. எங்கள் காஸ்ட்யூம் வேனுக்குப் பின்னால் நின்று எடுத்தான். ஸ்பீக்கர் போடாமலே எங்களுக்கெல்லாம் கேட்டது.

“ஏன்டா, நம்ம சாமிக்குண்டான முடிய சினிமாக்காரன் கால்ல கொட்டிட்டியாடா? நீயெல்லாம் மனுசனாடா?”

பிரபு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். சத்யா போனை வாங்கினாள்.

“மாமா, நான் சத்யா பேசுறேன். முடி அப்படியேதான் இருக்கு. சந்தேகம்னா வந்து பாத்துக்கங்க.”

அண்ணன் போனை வைத்துவிட்டார். பிரபு தலையில் அடித்துக்கொண்டான். “யாரைப் பாத்து வான்னு சொல்ற நீ? அவர் வருவாரா?”

அடுத்த பஸ்ஸில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெடுநேர பஸ் பயணத்தின் வெறுப்பு முகம் முழுக்க. அவர்கள் வீட்டுக்குள் காலை வைக்காமல் வாசலிலேயே நின்றார். சத்யா எதற்கும் துணைக்கு இருக்கட்டும் என்று என்னை வரச்சொல்லியிருந்தாள். கம்பெனிதான் இந்த வம்பை இழுத்தது என்பதால் நானும் மறுக்க முடியாமல் போயிருந்தேன். அவள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடுமி ரப்பரைக் கழற்றி, வாழைத்தாரில் காய் பார்க்கிறவர் மாதிரி முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கவின் அவர் மீசையைப் பிடித்து இழுத்தான்.

“எண்ணெய் வைக்கிறதில்லையா? வறண்டு கெடக்கு.”

“வைக்கிறேன் மாமா. ஷூட்டிங்ல பிசுபிசுன்னு தெரியும்னாங்க. அதான் ரெண்டு நாளா வைக்கல.”

“யாரு சொன்னா?”

சொன்னது நான். நான் வாசல் கோலத்தைப் பார்த்தேன்.

“விசாகத்துக்குத் திருவிழா. அன்னைக்கு எறக்கிடணும். கூட்டிட்டு வந்துரு.” பிரபுவைப் பார்த்துச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துச் சொன்னார். சத்யா சமையலறைக்குள் போய் டம்ளரை எடுக்கும் சாக்கில் வெகுநேரம் வரவில்லை.

எனக்கும் அழுகைதான் வந்தது, வேறு காரணத்துக்காக. விசாகம் வைகாசியில். முக்கொம்புப் பாட்டு ஆனியில். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகுதான் அதை எடுக்க முடியும். வெறும் மணலைக் காட்டிக் காதல் பாட்டு எடுக்க முடியாது என்று இயக்குனர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். பாட்டை முன்னால் இழுக்க வழியில்லை. மொட்டை போட மாட்டேன் என்றவளிடம் மொட்டை கேட்டுப் போனவள் நான். இப்போது மொட்டைக்குக் கிளம்பியவளிடம் வேண்டாம் என்று கெஞ்ச வேண்டும்.

இயக்குனர் ஊதிக் குடித்தார். “சந்தோஷமான விஷயம்மா. பாட்டு முடிஞ்சதும் போட்டுக்கச் சொல்லுங்க. நீங்க பேசினா கேப்பாங்க.”

“திருவிழா வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார்.”

“அடுத்த வருஷமும் வருமே?”

சத்யாவிடம் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கம்பெனியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள், நல்ல பெண், பயந்தவள். ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லிவிடுவாள். அண்ணனிடம் போய், படத்துக்காகத் தள்ளிப்போட்டோம் என்று சொல்வாள். அதோடு அந்தக் கதவு மூடிவிடும். கேட்பது என் வேலை, அதற்குத்தான் சம்பளம். கேட்காமல் இருந்தால் அத்தனை பேர் உழைத்த படத்துக்குத் துரோகமா? திருவானைக்கோவிலுக்கு ஆட்டோவில் போனேன். அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். கேட்காமல் திரும்பி வந்தேன்.

“பேசினேன் சார். முடியாதுன்னுட்டாங்க.”

இன்றைக்கும் அடிக்கடி இதைப் புரட்டிப் பார்க்கிறேன். ஒருமுறை கேட்டுத்தான் பார்த்திருக்கலாமோ என்று தோன்றும். வேண்டாம், கேட்காததுதான் சரி என்றும் தோன்றும்.

இயக்குனர் மூடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பேசவே இல்லை என்று கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். “சரி. தலையை மறைச்சிடுங்கம்மா. எப்படின்னு நீங்க பாத்துக்கங்க.”

விசாகத்தன்று நானும் போனேன், மொட்டைக்குப் பிறகு தலை எப்படித் தெரிகிறது என்று போட்டோ எடுக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், துறையூரில் மாறி, மலையடிவாரத்தில் இறங்கினேன். வேப்ப மரத்தடியில் கோயில். பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். பிரபுவின் அண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“தாய்மாமன் யாரு?”

“எனக்கு அண்ணன் தம்பி கெடையாது மாமா.”

“பங்காளி முறையில ஒருத்தருமா வரலை?”

சத்யா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள். வருவதற்கு யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாள், “மாமன் மடி இல்லாம எப்படி எறக்குறது?” என்று முணுமுணுத்தார். படத்தில் இந்த இடத்தில்தான் அண்ணன் வருவான். நானும் என்னை அறியாமல் சாலைப் பக்கம் பார்த்தேன். ஒரு மொபெட் போனது, அவ்வளவுதான்.

சத்யா என் கையைப் பிடித்தாள். “இவங்க என் சைடு, மாமா. எனக்கு அக்கா மாதிரி. இவங்க மடியில வச்சுக்கலாமா?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“எண்ணெய் வைக்க வேண்டாம்னு சொன்ன அம்மாதானே?”

“ஆமாங்க.”

“அதைக் கழட்டிட்டு உக்காருங்க.”

சாணி மெழுகிய தரையில் பலகை போட்டு உட்கார்ந்தேன். கவினை மடியில் வைத்தார்கள். நிஜக் கத்தி, நிஜ பிளேடு. மாமனாக நடித்தவர் மடியில் சிரித்த பயல் என் மடியில் ஊரைக் கூட்டினான். தலையை அசையாமல் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். எந்தத் தலையில் ஒரு முடி நகர்ந்தாலும் அத்தனை நாள் பதறினேனோ, அந்தத் தலையின் முடி முழுக்க ஈரமாக என் மடியில் விழுந்தது. நடுவில் மடியை நனைத்தும் விட்டான். “மாமனுக்குச் சீர் வந்துருச்சு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. முடியை வழித்துத் தட்டில் எடுத்து சத்யா கையில் கொடுத்து, “நீ கொண்டு போய் வையி” என்று கோயிலைக் காட்டினார். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று பிரபு பிறகு சொன்னான்.

திரும்பும் வழியில் சத்யாவும் கவினும் கூட வர, துறையூரில் குல்லா தேடினேன். பருத்தித் தொப்பி வாங்கினேன், கவின் அதைப் பிய்த்து எறிந்தான். துணித் தொப்பி கண்ணை மறைத்தது. தாடையில் கட்டுகிற கம்பளிக் குல்லா ஒன்றுதான் தலையில் நின்றது. முக்கொம்பில் ஷாட் இல்லாத நேரமெல்லாம் அதைக் கழற்றி நிழலில் வைத்து விசிறியவளும் நான்தான். அந்த வட்டம் போட்டவர்களுக்கு அதெல்லாம் தெரியவா போகிறது.

திவ்யா, இப்போதெல்லாம் முடியைக் கம்ப்யூட்டரிலேயே வளர்க்கலாம், எடுக்கலாம் என்கிறாய். நல்லது. செய்யுங்கள். ஆனால் ஆபீசில் யாராவது சிரித்தால் ஒன்று சொல். அந்தக் குழந்தையின் கன்டினியூட்டிப் படங்கள் எல்லாம் இன்னும் என் போனில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மலையடிவாரத்தில் எடுத்தது. அழுது சிவந்த முகம், தலை நிறையச் சந்தனம், பின்னால் ஒரு வெள்ளை வேட்டியின் கரை. அந்தக் கூச்சலிலும் சத்யா மறக்கவில்லை. பொட்டு இடது கன்னத்தில் இருக்கிறது.